நிலைய அதிகாரியான பூனை



எங்கள் ஊர் குஜிலியம்பாறை. திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே, மானாவாரி நிலங்கள் சூழ அமைந்த சிற்றூர். என் இளமைக் காலத்தில் அங்கே பூனைக்கு நற்பெயர் இருந்ததில்லை. அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிச் செல்லப் புறப்படும் பெரியவருக்கு எதிரே ஒரு பூனை குறுக்கிட்டுவிட்டால் போதும். அவர் திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்து, ஒரு செம்பு நீர் அருந்தி, சற்றுப் பொறுத்த பின்னரே மறுபடியும் புறப்படுவார்.

ஒருமுறை நான் தேர்வெழுதத் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டபோதும் பூனை குறுக்கே போயிற்று. என் அப்பத்தா என்னை அழைத்து உட்கார வைத்துவிட்டார். அந்தக் கால்மணி நேரத்தில் நான் ஏறவேண்டிய பேருந்து போய்விட்டது. தேர்வு தொடங்கிய பிறகே மண்டபத்துக்குள் நுழைந்தேன். "பார்த்தாயா, பூனை செய்த வேலையை!" என்றார் அப்பத்தா. பூனை தன் வழியே போயிற்று. தாமதம் உட்கார்ந்திருந்த எங்களால் வந்தது. அன்று அதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஜப்பான் நாட்டில் ஒரு பூனை நலிந்துபோன இரயில்பாதை ஒன்றைக் காப்பாற்றிவிட்டது என்ற செய்தியைப் படித்தபோது, எனக்கு அப்பத்தாவின் நினைவு வந்தது. இங்கே தீமைக்குக் காரணமான பூனை, அங்கே நன்மைக்குக் காரணமாகிவிட்டதே என்று வியந்தேன். ஆயினும், அச்செய்தியை ஆராய்ந்து படிக்கப் படிக்க, அதன் பின்னே வேறோர் உண்மை இருப்பதைக் கண்டேன். அதையே உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில், ஓர் இரயில்பாதை ஏன் நலிகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு மாட்டுவண்டிக்குச் சுமை இல்லாத நாளில் செலவும் குறைவு. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிடலாம். இரயில்பாதை அத்தகையது அன்று. நூறு பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் தண்டவாளம் தேயத்தான் செய்யும். பாலங்களைப் பழுதுபார்த்துத்தான் ஆகவேண்டும். கைகாட்டிகளும் கடவுப்பாதைகளும் காவலின்றி இயங்கா. செலவில் பெரும்பகுதி பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வரவோ அந்த எண்ணிக்கையையே முழுதும் சார்ந்து நிற்கிறது.

ஊரில் மோட்டார் வாகனங்கள் பெருகுகின்றன, இளைஞர்கள் வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் செல்கிறார்கள், பயணிகள் குறைகிறார்கள். நட்டத்தைக் குறைக்க வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது நிர்வாகம். வண்டிகள் குறைந்தால், வேண்டிய நேரத்துக்கு வண்டி இல்லையென்று எஞ்சிய பயணிகளும் விலகுகிறார்கள். இது ஒரு சுழல். இதில் சிக்கிய கிளைப்பாதைகள் உலகெங்கும் மூடப்பட்டிருக்கின்றன.

அத்தகைய சுழலில் சிக்கிய பாதைகளுள் ஒன்றுதான் ஜப்பானிலுள்ள கிஷிகாவா பாதை. ஒசாகா மாநகருக்குத் தெற்கே வாகயாமா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகரான வாகயாமாவிலிருந்து கிஷி என்னும் சிற்றூர் வரை செல்லும் அப்பாதையின் நீளம் 14.3 கிலோமீட்டர்; நிலையங்கள் 14. எங்கள் திண்டுக்கல்–கரூர் பாதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 1916-ஆம் ஆண்டு தொடங்கிய அப்பாதை, வழியிலுள்ள மூன்று பழைய கோயில்களுக்குச் செல்லும் அடியவர்களுக்கு, நம் பழனிப் பாதையைப் போல், பெரிதும் பயன்பட்டது. 1933-இல் அது கிஷி வரை நீட்டப்பட்டது. 1961 முதல் நான்கை மின் இரயில்வே என்ற பெரிய நிறுவனம் அதை நடத்தி வந்தது.

1970-களின் நடுவில் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நிகழ்ந்த அப்பாதையில், 2005-ஆம் ஆண்டளவில் அவை ஏறத்தாழ 19 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஆண்டுதோறும் சுமார் 50 கோடி யென் நட்டம். ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஒரு பாதையை மூட விரும்பும் நிறுவனம் அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்கு முன் அறிவிப்புக் கொடுத்தாலே போதும். அவ்வாறே, பாதையைக் கைவிடும் எண்ணத்தை 2003-ஆம் ஆண்டில் நிறுவனம் வெளியிட்டது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அப்போது தொப்பியணிந்த பூனை எதுவும் மேடைக்கு வரவில்லை. வந்தவர்கள் மக்கள். அந்தப் பாதையில் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள் இருந்தார்கள்; மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர் இருந்தார்கள். கார் ஓட்ட இயலாதவர்களுக்கு இரயில் நின்றுபோவது வீட்டு வாசலை அடைப்பதற்கு ஒப்பாகும். 2004-ஆம் ஆண்டில் பாதையோர மக்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சந்தா செலுத்தி அதில் சேர்ந்தார்கள். 'பாதையை மூடாதே' என்று முழங்குவதோடு அவர்கள் நிற்கவில்லை. 'ஏறிப் பயணம் செய்து காப்போம்' என்பதே அவர்களது முழக்கமாயிற்று. உரிமையைக் கேட்டவர்கள் கடமையையும் ஏற்றார்கள் என்பது எத்துணைச் சிறப்பு!

மக்கள் முன்வந்த பிறகு அரசாங்கமும் முன்வந்தது. தண்டவாளம் கிடக்கும் நிலத்தை வாங்கும் செலவை மாநில அரசு ஏற்றது. பாதையை நடத்துவதில் ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்ய, பத்தாண்டுகளுக்கு 82 கோடி யென் வரை தருவதாக வாகயாமா நகரமும் கிஷிகாவா பேரூரும் ஒப்புக்கொண்டன. பாதையை ஏற்று நடத்த ஒகயாமா என்னும் ஊரில் டிராம் வண்டிகளை நடத்திவந்த ஒரு நிறுவனம் இசைந்தது. அதன் தலைவர் மித்சுநோபு கொஜிமா என்பவர். வாகயாமா மின் இரயில்வே என்ற புதிய நிறுவனம் 2005-இல் பிறந்தது. 2006 ஏப்ரல் 1-ஆம் நாள் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. ஆனால் செலவைக் குறைத்தாக வேண்டுமல்லவா? கடைக்கோடியிலிருந்த கிஷி நிலையத்தில் பணியாளர் எவரும் இல்லாமற் போயினர்.

இனிப் பூனையின் கதைக்கு வருவோம். கிஷி நிலையத்தை ஒட்டி ஒரு மளிகைக் கடை இருந்தது. அக்கடையில் வளர்ந்த பூனைகளுள் ஒன்று தாமா. 1999 ஏப்ரல் 29-ஆம் நாள் பிறந்தது. இரயில்பாதை கைமாறியபோது, அப்பூனைகள் குடியிருந்த சிறு குடிலை அகற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. கடைக்காரர் புதிய நிறுவனத்தின் தலைவரை அணுகி, தம் பூனைகள் நிலையத்திலேயே தங்க இடம் தரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

வேறொருவராக இருந்தால், 'நட்டத்தில் ஓடும் இரயிலுக்குப் பூனை ஒன்றுதான் குறை' என்று சொல்லி அனுப்பியிருப்பார். கொஜிமா அவ்வாறு செய்யவில்லை. தாமாவைப் பார்த்த அளவில், அது நிலைய அதிகாரியின் தொப்பியணிந்து நிற்கும் காட்சி அவர் மனக்கண்முன் தோன்றியதாம். நிலையத்துக்கு அதிகாரி இல்லை. பூனைக்கு வீடு இல்லை. இரண்டு குறைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, இரண்டையும் அவர் தீர்த்துவிட்டார். பூனையின் தலைக்கு ஏற்ற அளவில் தொப்பி தைக்கப்பட்டது. 2007 ஜனவரி 5-ஆம் நாள், நாம் ஸ்டேஷன் மாஸ்டர் என்று அழைக்கும் நிலைய அதிகாரியாகத் தாமா முறைப்படி நியமிக்கப்பட்டது. பணி, பயணிகளை வரவேற்பது. ஊதியம், ஓராண்டுக்குரிய பூனை உணவு. உடனிருந்த மற்ற இரு பூனைகளும் துணை அதிகாரிகளாயின!

மாணவர்களே, தாமாவின் நிறத்தைப் பற்றி ஒரு சொல். அது வெண்மை, கருமை, செம்மஞ்சள் ஆகிய மூன்றும் கலந்த மூவண்ணப் பூனை, பெண் பூனை. மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பதை நீங்கள் கவனித்ததுண்டா? உரோமம் செம்மஞ்சளாக அமைவதா, கருமையாக அமைவதா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு, எக்ஸ் எனப்படும் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றே. ஆகவே அதற்கு அவ்விரு நிறங்களுள் ஒன்றுதான் வாய்க்கும். பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. அவற்றுள் ஒன்று செம்மஞ்சளையும் மற்றொன்று கருமையையும் தாங்கியிருக்கலாம். கருவின் தொடக்கத்திலேயே, ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களுள் ஏதேனும் ஒன்று உறங்கிவிடுகிறது. எது உறங்கும், எது விழித்திருக்கும் என்பது தற்செயலாக நிகழ்வது. செம்மஞ்சள் விழித்திருக்கும் உயிரணுக்களின் வழிவந்த இடம் செம்மஞ்சளாகவும், கருமை விழித்திருக்கும் இடம் கருமையாகவும் அமைகின்றன. வெண்மையை வேறொரு மரபணு தருகிறது. எக்ஸ் உறங்கும் இந்த விந்தையை மேரி லயன் என்னும் ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி 1961-இல் எடுத்துரைத்தார். செம்மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு மாற்றத்தையே அறுதியிட்டு, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே 2025-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அறிவியல் இவ்வாறு கூற, ஜப்பானிய மக்களின் வழக்கமோ மூவண்ணப் பூனையை நற்பேற்றின் அடையாளமாகக் கருதுகிறது. அத்தகைய பூனை கப்பலுக்குக் காவல் என்று பழங்கால மாலுமிகள் நம்பினர். ஒரு கையை உயர்த்தி வாடிக்கையாளரை அழைக்கும் பூனைப் பொம்மையை இன்றும் அந்நாட்டுக் கடைகளில் காணலாம். ஒரே விலங்கு ஓர் ஊரில் அபசகுனம். மற்றோர் ஊரில் அதிர்ஷ்டம். சகுனம் பூனையின் உடம்பில் இல்லை, பார்ப்பவரின் மனத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாமா பதவியேற்ற செய்தி நாடெங்கும் பரவியது. அதைக் காண்பதற்கென்றே மக்கள் வண்டியேறி வந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் வாகயாமாவிலிருந்து கடைசி நிலையம் வரை சென்று திரும்பினார்கள். ஆதலால் பாதை முழுவதற்குமான கட்டணம் இரு வழியிலும் கிடைத்தது. 2006 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் பயணங்கள் 21 லட்சமாக உயர்ந்தன. தாமாவால் வாகயாமா மாநிலத்துக்கு ஓராண்டில் ஏறத்தாழ 110 கோடி யென் அளவுக்குப் பொருளாதாரப் பயன் விளைந்தது என்று கன்சாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மதிப்பிட்டார். இது ஒரு மதிப்பீடு என்பதையும், அத்தொகை முழுவதும் இரயிலின் பெட்டியில் விழுந்ததன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. உணவுக்கடை, விடுதி, நினைவுப்பொருள் வாணிகம், விளம்பரம் ஆகிய அனைத்தையும் கூட்டிய கணக்கு அது.

தாமாவுக்குப் பதவி உயர்வுகளும் வந்தன. 2008-ஆம் ஆண்டில் 'சூப்பர் நிலைய அதிகாரி' ஆயிற்று. அவ்வாண்டே மாநில ஆளுநர் அதற்கு வீரர் பட்டம் ஒன்றையும் வழங்கினார். பயணச்சீட்டு விற்ற இடம் கண்ணாடி பொருத்திய அலுவலக அறையாக மாறியது. கூட்டத்தின் கைபடாமல் பூனை உறங்கவும் அது உதவிற்று. வேடிக்கையாகத் தோன்றும் இவற்றுக்குப் பின்னால் ஓயாத உழைப்பு இருந்ததையும் பாருங்கள். எய்ஜி மித்தோகா என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு பழைய பெட்டிகளுக்குப் புது வடிவம் தந்தார்கள். அவ்வட்டாரம் செம்புற்றுப்பழம் எனப்படும் ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர்பெற்றது. ஆகவே 2006-இல் ஸ்ட்ராபெர்ரி வண்டி வந்தது. 2007-இல் பொம்மை வண்டி. 2009-இல் 101 பூனைச் சித்திரங்கள் தீட்டிய தாமா வண்டி. 2010-இல் கிஷி நிலையமே, மரப்பட்டை வேய்ந்த கூரையில் இரு காதுகள் எழுந்து நிற்க, பூனை முகத்தின் சாயலில் புதிதாகக் கட்டப்பட்டது. பூனை ஒருமுறை வரவழைத்த பயணியை மறுமுறையும் வரவழைக்க வேண்டும் என்ற கருத்து இவற்றில் எல்லாம் விளங்குகிறது.

2015 ஜூன் 22-ஆம் நாள், பதினாறு வயதில், இதய நோயால் தாமா உயிர் நீத்தது. அம்மாதம் 28-ஆம் நாள் கிஷி நிலையத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஏறத்தாழ 3,000 பேர் கலந்துகொண்டார்கள். நிலையத்திலேயே அதற்கு ஒரு சிறு கோயிலும் எழுந்தது. ஆகஸ்டு மாதத்தில் 'இரண்டாம் தாமா' என்று பொருள்படும் நிதாமா என்ற மற்றொரு மூவண்ணப் பூனை அப்பதவியை ஏற்றது.

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்குத் திரும்புவோம். அந்தப் பாதையைக் காப்பாற்றியது பூனைதானா?

காலவரிசையை நோக்குங்கள். மக்கள் சங்கம் 2004. புதிய நிறுவனம் 2005. புதிய நிர்வாகத்தில் வண்டி ஓடியது 2006. தாமா பதவியேற்றது 2007. பூனை தொப்பி அணிவதற்கு முன்பே பாதை மூடப்படுவது தடுக்கப்பட்டுவிட்டது. மக்கள் சந்தா செலுத்தாமலும், அரசாங்கம் நிலத்தை வாங்காமலும் இருந்திருந்தால், தாமா வரவேற்பதற்கு வண்டியும் இல்லை, பயணியும் இல்லை. பூனை வந்த பிறகும் நட்டம் பெரிதும் குறைந்ததேயன்றி முற்றிலும் மறைந்துவிடவில்லை. நன்மையைப் பூனையின் கணக்கிலேயே எழுதிவிட்டால், தாமதத்தைப் பூனையின் கணக்கில் எழுதிய என் அப்பத்தா செய்த பிழையையே நாமும் செய்தவர்களாவோம்.

அப்படியானால் பூனைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, அதுவும் பெரிய பங்கு. நட்டக் கணக்கு, மானியம், பராமரிப்பு என்பன யாருடைய உள்ளத்தையும் தொடுவதில்லை. ஒரு முகம் தொடுகிறது. வாகயாமாவின் சிக்கல் தோக்கியோவில் வாழும் ஒரு சிறுமிக்கு எவ்வாறு தெரியும்? தொப்பியணிந்த பூனையின் படம் அதைச் சொல்லிற்று. ஊர் மக்கள் எடுத்த முடிவுக்கு அப்பூனை முகமாக அமைந்தது. தங்கள் இரயிலைச் சுமையாக எண்ணிச் சோர்ந்திருந்தவர்கள், அதைப் பெருமையாக எண்ணத் தலைப்பட்டார்கள். நம் இந்திய இரயில்வேயும் 2002-ஆம் ஆண்டில், தன் 150-ஆவது ஆண்டு விழாவை ஒட்டி, பச்சை விளக்கேந்திய 'போலு' என்னும் யானைக்குட்டியைத் தன் சின்னமாகக் கொண்டதல்லவா? ஆனால் போலு ஒரு சித்திரம். தாமா மடியில் வந்து படுக்கும் உயிர். அந்த வேறுபாடு சிறிதன்று.

ஒரு பாதை போய்விட்டால் திரும்பி வருவது எளிதன்று என்பதை நம் பகுதி மக்கள் அறிவார்கள். 1928-இல் திறக்கப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் பாதையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டன. போருக்குப் பின்னரே மீண்டும் இடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்ற வண்டி, தேனிக்கு வர 2022 மே மாதம் ஆயிற்று. போடிக்கு வர 2023 ஜூன் ஆயிற்று. இடையில் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு அண்மையில், அதே திண்டுக்கல்–கரூர் பாதையில், பாளையம் என்னும் சிறு நிலையம் உண்டு. விரைவு வண்டிகள் பல அங்கே நில்லாமல் விரைகின்றன. சென்ற முறை ஊருக்குச் சென்றபோது, அந்நிலையத்தில் ஒரு மாலை வேளையில் காத்திருந்தேன். மேடையில் நான்கைந்து பேரே இருந்தோம். எங்கிருந்தோ ஒரு சாம்பல்நிறப் பூனை வந்து, என் முன்னே குறுக்காக நடந்து, இருக்கையின் அடியில் படுத்துக்கொண்டது. அருகிலிருந்த மூதாட்டி என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்விடுவேன் என்று எண்ணினார் போலும். நான் எழுந்துதான் போனேன், பயணச்சீட்டு வாங்குவதற்கு.

உங்கள் ஊரிலும் ஒரு சிறு நிலையம் இருக்கலாம். ஒரு நூலகம் இருக்கலாம். பிள்ளைகள் குறைந்து வரும் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கலாம். அவற்றைக் காக்க ஒரு பூனை வரும் என்று காத்திராதீர்கள். முதலில் நீங்கள் சென்று பயன்படுத்துங்கள். பூனை பிறகு வரட்டும். வந்தால், அதற்கு ஒரு தொப்பி தைத்துக் கொடுங்கள்.